அரை செல் என்று ஒன்று கிடையாது

கல்லூரியில் நான் கணித ஆசிரியை. இது எல்லோருக்கும் புரியும். வகுப்பு இல்லாத நேரத்தில் புற்றுநோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்பதும் எப்படியோ எங்கள் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் யாராலும் முடியவில்லை. ஒரு நாள் காலையில் பருப்பு மண்டிக்காரர் வீட்டம்மா பெரிய உறையோடு மாடி ஏறி வந்தார். உள்ளே அவர் மாமியாரின் ஸ்கேன் படம்.

"டீச்சர், இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. கட்டி எம்புட்டு வேகத்துல வளரும்?"

"நான் டாக்டர் இல்லம்மா. கணக்குதான் போடுறேன்."

"அதத்தான கேக்கேன். கணக்குப் போட்டுச் சொல்லுங்க."

காபி கொடுத்து, மதுரையில் எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்று சொல்லி அனுப்பினேன். அவர் படி இறங்கும்போது திரும்பிப் பார்த்த பார்வையில், தெரிந்தும் சொல்ல மறுக்கிறாள் இவள் என்ற வருத்தம் இருந்தது. அதற்குப் பிறகும் சிலர் வந்தார்கள். எல்லோருக்கும் அதே பதில். மெல்ல மெல்ல வருவது நின்றது.

விருதுநகர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறேன். கீழ்த்தளம் மிளகாய் வத்தல் மூட்டைகளைச் சேமிக்கும் கிட்டங்கி. சரக்கு இறங்கும் நாளில் தெருவே தும்மும். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. சொந்தக்காரர்கள் அதைப் பற்றிக் கேட்பதை ஒரு கட்டத்தில் நிறுத்தினார்கள். கேள்வி நின்றபோது, அதைக் கேட்பதற்காகவே வந்து கொண்டிருந்தவர்களும் நின்றுவிட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

என் வேலையை எளிதாகவே சொல்லலாம். ஒரு பொருள் இன்று எப்படி இருக்கிறது என்று தெரியும். அது நொடிக்கு நொடி எந்த விதிப்படி மாறுகிறது என்றும் தெரியும். அப்படியானால் நாளை எப்படி இருக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்கும் சமன்பாடுகளைப் பரிணாமச் சமன்பாடுகள் என்போம். தட்டில் சூடு பரவுவதும், தண்ணீரில் மை கரைவதும், கட்டி வளர்வதும் அவற்றுக்குள் அடங்கும். தீர்வு ஒன்று இருக்கிறதா, அது ஒன்றே ஒன்றுதானா, காலப்போக்கில் எங்கே போய் நிற்கும் என்று நிரூபிப்பதில்தான் என் வயதில் பாதி போனது.

கல்லூரியில் ஒருமுறை இதைப் பற்றி உரையாற்றச் சொன்னார்கள். பேசி முடித்ததும் கேள்விகள் உண்டா என்றேன். முன்வரிசையில் இருந்த சக ஆசிரியர் எழுந்து, உரை மிக அருமை என்று சொல்லி உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். வடையும் காபியும் தயாராக இருந்தன.

இந்த வேலையைப் பற்றி நான் பேச முடிந்த ஒரே மனிதர் சென்னையில் இருந்தார். மூலக்கூறு உயிரியல் படித்தவர், என்னைவிட மூத்தவர். ஒரு பயிலரங்கில் மதியச் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். பரிணாமச் சமன்பாடுகளில் வேலை செய்கிறேன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்படியா! எந்த உயிரினத்தோட பரிணாமம்?"

"உயிரினம் இல்ல சார். வெப்பம்."

அவர் சாம்பார் கரண்டியைக் கையில் பிடித்தபடி சிரித்த சிரிப்பில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குரங்கு மனிதனான கதையை எதிர்பார்த்தவருக்கு நான் சூடான இரும்புத் தட்டைக் கொடுத்துவிட்டேன். அன்று தொடங்கிய பேச்சு, சனிக்கிழமைக் காலைத் தொலைபேசி அழைப்பாக வருடக்கணக்கில் நீடித்தது. அவர் எனக்குச் செல்லைச் சொல்லிக் கொடுத்தார். நான் அவருக்குச் சமன்பாட்டைச் சொன்னேன். முதலில் கட்டிகளைப் பற்றித்தான் வேலை செய்தோம். வார நாட்களில் மனதில் தோன்றுவதையெல்லாம் சனிக்கிழமைக்கென்று சேர்த்து வைப்பேன். பேசி முடித்து வைத்த பிறகு வீடு முன்பைவிட அமைதியாக இருக்கும். மின்விசிறிச் சத்தம் அப்போதுதான் கேட்கத் தொடங்கும்.

இந்த நிலையில்தான் என் அண்ணன் மனைவி, மதினியிடமிருந்து அழைப்பு வந்தது.

என் அண்ணன் சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கிறார். பெரும்பாலும் பட்டாசுப் பெட்டி லேபிள்கள். மதினி அந்த வீட்டையும், பாதி அச்சகத்தையும் பார்த்துக்கொள்பவர். எனக்கும் அவருக்கும் சண்டையும் கிடையாது, நெருக்கமும் கிடையாது. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பார். பிடித்திருக்கிறதா என்று கேட்பார். அவ்வளவுதான் எங்கள் உறவு.

"ஏத்தா, வியாழக்கிழம உனக்குக் காலேஜ் இருக்கா?"

"லீவு போடலாம் மதினி. என்ன விசயம்?"

"மதுரைக்கு வரணும் என்கூட. மத்தத வண்டியில சொல்லுதேன்."

அவரே கார் ஓட்டி வந்தார். ஓட்டுநரைக் கூட்டி வந்தால் செய்தி சிவகாசி திரும்புவதற்குள் ஊர் சுற்றிவிடும் என்பதால். ஊரைத் தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறிய பிறகுதான் சொன்னார். சில மாதங்களாக அசதி. இடது விலாவுக்குக் கீழே ஏதோ கனமாக இருந்தது. அச்சக வேலையின் களைப்பு என்று நினைத்து விட்டுவிட்டார். ரத்தம் பார்த்தபோது வெள்ளை அணுக்கள் கணக்குக்கு மீறி இருந்தன. மதுரையில் மேல்பரிசோதனை செய்து பெயர் சொல்லிவிட்டார்கள். நாள்பட்ட வகை ரத்தப் புற்றுநோய்.

"உங்க அண்ணனுக்குத் தெரியும். சீசன் ஆர்டர் கழுத்து வரைக்கும் இருக்கு, அவுக வர முடியாது. பிள்ளைக்குச் சொல்லல. வேற ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. பொண்ணு கேட்டு வாற நேரம் பாரு. நீ இதத்தான படிக்க? அதான் உன்னக் கூப்பிட்டேன்."

நான் டாக்டர் இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை.

"எனக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்லு. டாக்டர் இங்கிலீஷ்ல சொன்னாரு, மண்டையில ஏறல."

சொன்னேன். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குரோமோசோம் என்ற இழைகள் இருக்கின்றன. எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் இரண்டு இழைகள் ஒடிந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. ஒட்டிய இடத்தில் முன்பு இல்லாத ஒரு மரபணு உண்டாகிவிட்டது. அதிலிருந்து பிறக்கும் புரதம், பெருகு பெருகு என்று அந்தச் செல்லுக்கு ஓயாமல் கட்டளை இட்டுக்கொண்டே இருக்கிறது.

மதினி சாலையைப் பார்த்தபடியே கேட்டார். "ரெண்டு லேபிள் கிழிஞ்சு, இதுல பாதி அதுல பாதின்னு மாத்தி ஒட்டிக்கிட்ட மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"எங்க கம்பெனின்னா அத வேஸ்ட்டுல தூக்கிப் போட்ருவோம்."

"இது தன்னத்தானே அச்சடிச்சுக்கிடும் மதினி."

கள்ளிக்குடி வந்ததும் முன்னால் போன லாரியை முந்தி வேகம் எடுத்தார்.

மருத்துவர் நல்ல செய்தியும் வைத்திருந்தார். அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பிடித்து முடக்குகிற மாத்திரை இருக்கிறது. தினமும் சாப்பிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அந்த மரபணுவின் சுவடு எவ்வளவு மிச்சம் என்று அளக்க வேண்டும். மதினி அங்கேயே தண்ணீர் வாங்கி முதல் மாத்திரையை விழுங்கினார்.

அப்படித்தான் எங்கள் மதுரைப் பயணங்கள் தொடங்கின. அண்ணன் மகளிடம், அத்தைக்குக் கண் பரிசோதனை, துணைக்குப் போகிறேன் என்று மதினி சொல்லிவிடுவார். அந்தப் பொய்யில் நோயாளி நானாக இருந்தேன். அந்தக் காரில்தான் அவரை எனக்குத் தெரியவந்தது. பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் வருடத்தோடு கல்யாணம் ஆகி நிறுத்தியவர் என்பது இத்தனை வருடமாக எனக்குத் தெரியாது. தவளையை அறுத்தபோது இதயம் தனியே துடித்ததை விவரித்தார். மாத்திரையால் கண்ணைச் சுற்றி வீங்கும், கெண்டைக்கால் இழுக்கும். வீட்டில் வலியைக் காட்ட முடியாது என்பதால், திருமங்கலத்துக்கு முன்பே வண்டியை ஓரம் கட்டிக் காலை நீட்டி நன்றாக முனகிக்கொள்வார்.

"இங்கனதான்த்தா எனக்கு நிம்மதி. முனங்கலாம்."

ஒவ்வொரு பரிசோதனை முடிவையும் நான் வரைபடத்தில் புள்ளியாக வைத்தேன். பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று இறங்குவதைக் காட்டுகிற வரைபடம். முதல் சில புள்ளிகள் செங்குத்தாக விழுந்தன. பிறகு கோடு வளைந்து, மெதுவான சரிவில் போனது. அந்த வளைவு நோயைப் பற்றி ஒன்றைச் சொல்கிறது. வேகமாக விழுந்தவை, பெருகிப் பெருகி மாத்திரையிடம் மாட்டிக்கொண்ட செல்கள். மெதுவாக இறங்குபவை, அவற்றுக்கெல்லாம் தாயான செல்கள். மஜ்ஜையில் பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பவை. தூங்குகிற செல்லை மாத்திரை அவ்வளவாகத் தொடுவதில்லை.

ஒரு சனிக்கிழமை, கட்டிகளை விட்டுவிட்டு இந்த ரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளலாமா என்று சென்னைக்காரரிடம் கேட்டேன்.

"திடீர்னு ஏன் மேடம்?"

"அளவெடுக்க வசதியான நோய் சார். தரவு சுத்தமா கிடைக்கும்."

 அவர் மேற்கொண்டு கேட்காமல் சரி என்றார். மதினிக்குக் கொடுத்த வாக்கு, என்னை என் ஒரே நண்பரிடமும் பாதி ஊமையாக்கியது. நான் யாருக்காகக் கேட்கிறேன் என்று சொல்ல முடியாமல், செல்களைப் பற்றி மட்டும் வாரந்தோறும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

புதிய சமன்பாடுகளை எழுதி, தீர்வு, அதாவது நோய்ச்செல்களின் எண்ணிக்கை, எப்போதும் பூச்சியத்தை நோக்கிப் போகிறது என்று நிரூபித்தேன். பெருமையோடு அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"போகுது சரி. போய்ச் சேருமா?"

"சேராது. நெருங்கிக்கிட்டே இருக்கும்."

"உங்க எடுத்துக்காட்டுல கடைசி வருஷத்துல எத்தனை தாய்ச்செல் மிச்சம்?"

பார்த்தேன். "ஒரு செல்லுல பாதிக்கும் கீழ."

"அரை செல்னு ஒண்ணு கிடையாது மேடம். ஒண்ணு இருக்கும், இல்ல இருக்காது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோடிக்கணக்கில் இருக்கும்போது என் சமன்பாடு துல்லியமானது. விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டால் அது எதையும் சொல்வதில்லை. மதினியின் உடம்பில் கேள்வியே கடைசி ஒன்றிரண்டைப் பற்றித்தான். இத்தனை வருட வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, நிகழ்தகவின் அரிச்சுவடியிலிருந்து மறுபடி படித்தேன். ஒரு செல் அடுத்ததாகப் பிளக்குமா, சாகுமா, தூங்குமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்ப்பு. அந்த வாய்ப்புகளிலிருந்து, மொத்த வம்சமும் அற்றுப்போவதன் வாய்ப்பு. ஐம்பதை நெருங்கும் வயதில், மாணவர்கள் படிக்கும் பாடநூலை முதல் பயிற்சியிலிருந்து போட்டேன். ஆசிரியர் அறையில் அதைப் பார்த்தவர்கள் தேர்வுத்தாள் தயாரிக்கிறேன் என்று நினைத்தார்கள்.

இதற்குள் மதினியின் ரத்தத்தில் அந்தச் சுவடு கருவிக்கு எட்டாத அளவுக்குக் குறைந்திருந்தது. அண்ணன் மகளுக்குக் கோயம்புத்தூரில் இடம் அமைந்து, கல்யாணம் சிறப்பாக நடந்தது. மணமேடையில் மதினியின் கண் வீக்கத்தைப் பார்த்த உறவுக்காரர்கள், பிள்ளையைப் பிரிகிற அழுகை என்று சொல்லிக்கொண்டார்கள். பந்தியில் அவர் என்னைத் தாண்டிப் போகும்போது தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

அதற்கடுத்த வருடம் மருத்துவர் ஒரு வழி சொன்னார். இத்தனை காலம் சுவடே தெரியவில்லை. மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம். சிலருக்குத் திரும்பாது, சிலருக்குத் திரும்பும். திரும்பினால் மறுபடி மாத்திரை, பெரும்பாலும் அடங்கிவிடும். மாதாமாதம் ரத்தம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். யோசித்து வாருங்கள் என்றார்.

திரும்பும் வழியில் திருமங்கலத்தில் டீ குடித்தோம். மதினி கண்ணாடிக் கிளாஸைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"உன் கணக்கு என்ன சொல்லுது?"

"உங்கள மாதிரி நிறையப் பேரு நிறுத்துனா, அதுல எம்புட்டுப் பேருக்குத் திரும்பும்னு சொல்லும். நீங்க அதுல எந்தப் பக்கம்னு சொல்லாது."

"எனக்குள்ள ஒண்ணாவது மிச்சம் இருக்கா இல்லையா, அதச் சொல்லாதா?"

"சொல்லாது மதினி."

"அப்ப அது என்னத்துக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என் வேலையைப் பற்றி என்னிடம் யாரும் கேட்ட முதல் நேரான கேள்வி அது. பதிலைத் தேடினேன்.

"தெரியல."

அவர் சிரித்துவிட்டார். "தெரியலன்னு சொல்லவாவது நீ ஒருத்தி இருக்கியே. உங்க அண்ணன் எல்லாத்துக்கும் 'ஒண்ணும் ஆகாது'ன்னே சொல்லிச் சொல்லி என் வாய அடச்சுருவாக."

மதினி மாத்திரையை நிறுத்தினார். முதல் மாதம் சுவடு இல்லை. அடுத்த மாதமும் இல்லை. கண் வீக்கம் வடிந்து, முகம் பழைய முகமானது. காரை ஓரம் கட்ட வேண்டிய தேவை இல்லாமல் ஒரே ஓட்டமாக மதுரை போனோம். பாட்டு போட்டார். என் கணக்கில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமான வாய்ப்பு இருந்தது. நான் மட்டும் ஒரு பக்கத்தை நம்பினேன்.

மழைக்காலத்தில், கல்லூரி இடைவேளையில், தொலைபேசி வந்தது.

"வந்துருச்சு."

"எம்புட்டு மதினி?"

"கொஞ்சூண்டுதான். இன்னைக்கே மாத்திரையத் தொடங்கச் சொல்லிட்டாக." கையோடு, "நீ சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேன். நீங்க சாப்பிட்டீகளா?"

"இனிமேத்தான்."

அடுத்த வகுப்பு எடுத்தேன். என்ன பாடம் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து, சென்னைக்காரரோடு எழுதிவந்த கட்டுரையின் வரைவைத் திறந்தேன். அதில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை. மதினிக்கு நடந்ததும் அதற்குள் அடங்கும், நடக்காமல் இருந்திருந்தாலும் அடங்கும். அப்படி எழுதப்பட்ட ஒன்றின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். கீழே வத்தல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். யாராவது வந்திருந்தால் நெடி என்று சொல்லியிருப்பேன். யாரும் வரவில்லை.

மாத்திரை மறுபடி வேலை செய்தது. சுவடு மறைந்தது. இனி ஆயுளுக்கும் சாப்பிடுவதென்று மதினி முடிவு செய்தார்.

எங்கள் கட்டுரை வெளிவந்த வருடமே சென்னைக்காரர் ஓய்வு பெற்றார். மகனோடு இருக்க வெளிநாடு போகிறேன் என்றார். கடைசிச் சனிக்கிழமை நெடுநேரம் பேசினோம். வைக்கும் முன் கேட்டார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்ல யாருக்கு?"

"ஏன் சார் கேக்குறீங்க?" என்றேன்.

"ஒரு தடவை, செல்லு மாத்திரைக்கு அடங்கலைன்னு சொல்றதுக்குப் பதிலா, 'அவுகளுக்கு அடங்கல'ன்னு சொன்னீங்க. அப்பவே நினைச்சேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"நல்லா இருக்காக சார்," என்றேன். "இப்ப நல்லா இருக்காக."

"அது போதும்," என்றார்.

அவர் போன பிறகும் சில சனிக்கிழமைகள் பேசினோம். அங்கே பகல் என்றால் இங்கே வேறு பொழுது. பேரக்குழந்தை பின்னால் அழும். அழைப்புகள் அபூர்வமாயின. சனிக்கிழமைகளில் இப்போது துணி துவைக்கிறேன்.

மதினியும் அண்ணனும் அச்சகத்தைப் பங்காளியிடம் ஒப்படைத்துவிட்டு, மகள் இருக்கும் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்கள். பரிசோதனையெல்லாம் அங்கேயே. போன மாதம் மதினி கூப்பிட்டார். குரலில் அப்படி ஓர் உற்சாகம்.

"ஏத்தா, இங்கன எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

"எத மதினி?"

"எனக்கு இருக்குறத. மகளுக்கும் சொல்லியாச்சு. ரெண்டு நாளு அழுதா, சண்ட போட்டா, இப்பச் சரியாயிட்டா. எதுத்த வீட்டுல ஒரு டீச்சரம்மா இருக்காக, அவுகளுக்கும் இதே மாத்திரதான். ரெண்டு பேரும் சேந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போறோம். கெண்டக்கால் இழுத்தா யார்ட்டயும் மறைக்க வேண்டியதில்ல பாரு."

"நல்லது மதினி. ரொம்ப நல்லது."

உண்மையாகவே மகிழ்ந்தேன். அதே நேரம், கள்ளிக்குடிக்கும் திருமங்கலத்துக்கும் நடுவே எங்கள் இருவருக்கு மட்டுமாக இருந்த ஒன்று, எல்லோருக்கும் உரியதாகிவிட்டதை உணர்ந்தேன். அது அப்படித்தான் ஆக வேண்டும். ஒரு நோயாளிக்கு அதுதான் நலம். ஆனாலும் கொஞ்ச நேரம் தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சமைக்கப் பிடிக்காமல் கடைவீதிப் பக்கம் நடந்தேன். எண்ணெய்ப் புரோட்டாக் கடையில் நல்ல கூட்டம். இலை போடுகிறவர் என் பின்னால் யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"எத்தன பேரு அக்கா?"

"ஒரு ஆள்தான்."

மூலையில் ஒரு இடம் காட்டினார். எதிரே ஒரு குடும்பம், சாத்தூர் கல்யாண வீட்டுக் கதையை உரக்கப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது. சால்னா சூடாக இருந்தது. தூங்கும் செல் எதனால் விழிக்கிறது என்பதை நாங்கள் சமன்பாட்டில் வெறும் ஓர் எழுத்தாக விட்டுவைத்திருந்தோம். அதற்குள் என்ன இருக்கிறது என்று யோசித்தபடி சாப்பிட்டேன். இன்னொரு புரோட்டா வைக்கட்டுமா என்று கேட்டார்கள். வைக்கச் சொன்னேன்.